அணைந்ததும் அணைத்ததும்

எங்கள் தலைமையாசிரியை நான் பார்த்த வரையில் எந்த முடிவையும் எடுத்ததில்லை. அவரிடம் எல்லாம் தானாக முடிவாகிவிடும். "மேல முடிவாயிடுச்சு சார்" என்பார். மேலே என்று பார்த்தால் மாடியில் அறிவியல் ஆய்வகமும், அதற்கும் மேலே தண்ணீர்த் தொட்டியும்தான் இருந்தன. கேள்வி கேட்டு யாருக்கு ஆகப்போகிறது என்று நாங்களும் தலையாட்டிவிட்டு வருவோம்.

அப்படித்தான் ஒரு நாள் ஏழாம் வகுப்புக்கு வாரம் ஒரு பாடவேளை 'பொறுப்புடன் முடிவெடுத்தல்' என்று முடிவாகி வந்தது. திங்கட்கிழமை கடைசிப் பாடவேளை. அந்த நேரத்தில் பிள்ளைகளுக்குப் புத்தி பைக்குள் போயிருக்கும். நான் கணக்கு வாத்தியார், பாடம் முடியவில்லை என்று சொல்லித் தப்பித்தேன். விளையாட்டு ஆசிரியர் முட்டிவலி என்றார். கடைசியில் அது இலக்கண டீச்சர் தலையில் விழுந்தது. அவருக்கு 'மாட்டேன்' என்று சொல்லத் தெரியாது, அதன் இலக்கணம் மட்டும்தான் தெரியும் என்று ஆசிரியர் அறையில் ஒரு கிண்டல் உண்டு.

கூடவே ஒரு கையேடு வந்தது. அட்டையில் போக்குவரத்து விளக்கு. சிவப்பு என்றால் நில், மஞ்சள் என்றால் யோசி, பச்சை என்றால் செய். முதல் வகுப்பில் டீச்சர் அதை அப்படியே நடத்தினார். கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "மஞ்சள்லதானே டீச்சர் எல்லாரும் வேகமா போறாங்க?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. டீச்சர் கையேட்டை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். அதன் பிறகு அது வெளியே வரவில்லை.

இரண்டாவது வாரம் முன்வரிசையில் ஒரு பெண் அளவுகோலை வளைத்து விளையாடி இரண்டாக்கிவிட்டு, "உடைஞ்சுடுச்சு டீச்சர்" என்றாள். டீச்சருக்கு அதில் பொறி தட்டியது. பலகையின் நடுவே ஒரு கோடு இழுத்தார். இடது பக்கம் உடைஞ்சுது, கிழிஞ்சுது, தொலைஞ்சுது, கவுந்துது என்று எழுதினார். வலது பக்கம் உடைச்சேன், கிழிச்சேன், தொலைச்சேன், கவுத்தேன். பாடப் புத்தகத்தில் தன்வினை, பிறவினை என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு வருகிற சமாசாரம்.

"இடது பக்கம் பாருங்க. ஆளே இல்ல. எல்லாம் தானா நடக்குது. வலது பக்கம் ஒரு ஆள் நிக்கிறார். பொறுப்புன்னா வலது பக்கம் வந்து நிக்கிறது. இந்த வகுப்புல இனி இடது பக்கம் கிடையாது."

நான் அடுத்த அறையில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். நடுச்சுவர் பாதி உயரம்தான் என்பதால் எல்லாம் காதில் விழுந்தது. சரியான பைத்தியக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன்.

பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிப் போனது. வீட்டிலும் ஆரம்பித்துவிட்டார்கள். சாவி தொலைந்துவிட்டது என்று சொன்ன அப்பாவிடம், "தொலைச்சுட்டேன்னு சொல்லுங்கப்பா" என்றது ஒன்று. பால் பொங்கிவிட்டது என்ற அம்மாவை, "பொங்க விட்டுட்டேன்" என்று சொல்ல வைத்தது இன்னொன்று. ஒரு அப்பா பள்ளிக்கே வந்துவிட்டார். "எங்க வீட்ல இப்போ பெரியவங்க யாரும் வாயைத் திறக்க முடியல மேடம்" என்றார். தலைமையாசிரியை அவரைச் சமாதானப்படுத்தி, பார்த்துக்கொள்ளப்படும் என்று சொல்லி அனுப்பினார்.

இந்த விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதவள் ஒருத்திதான். கொசுறு.

அவளுக்கு அந்தப் பெயரை வைத்ததும் வகுப்புதான். நாற்பது பேருக்கான அறையில் நடுவருடத்தில் நாற்பத்தொன்றாவதாக வந்து சேர்ந்தாள். பெஞ்சில் இடமில்லாமல் ஓரத்தில் ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார்கள். காய் வாங்கும்போது மேலாகப் போடுகிற கறிவேப்பிலை மாதிரி வந்தவள் என்பதால் கொசுறு. அவளும் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள்.

அவள் அம்மா மருத்துவமனையில் நர்ஸ். வேலை முடிந்து வர ஆறு மணி ஆகும். வீட்டில் வேறு ஆள் கிடையாது. பழைய பள்ளியில் மணி அடித்ததும் கேட்டைப் பூட்டிவிடுவார்களாம், அம்மா வரும் வரைக்கும் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாளாம். அங்கே யாரோ ஒரு ஆள் இரண்டு மூன்று நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேச்சுக் கொடுத்திருக்கிறான். அந்த அம்மா அரண்டு போய் இங்கே ஓடி வந்தார். எங்கள் பள்ளியில் ஆறு மணி வரை படிப்புக்கூடம் உண்டு. தலைமையாசிரியை சேர்த்துக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். வருட முடிவுக்குள் இந்தப் பெண் பேரில் ஒரு புகார் வந்தாலும் இடம் கிடையாது. அந்த அம்மா எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டதை நான் பார்த்தேன். பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

டீச்சர் ஏழாம் வகுப்பில் ஆளுக்கொரு பொறுப்பு கொடுத்தார். ஒருவனுக்குச் செடிகள், ஒருத்திக்குக் கரும்பலகை, ஒருவனுக்கு ஜன்னல்கள். கொசுறு கடைசியாகப் போகிறவள் என்பதால் மாடி விளக்குகள் அவளுக்கு. "கிளம்புறப்போ மாடி வராந்தா, லேப் எல்லாத்தையும் அணைச்சுட்டுப் போ." ஒரு நாள் அவள் வராந்தா மின்விசிறியை அணைக்க மறந்துவிட்டாள். தலைமையாசிரியை மறுநாள் படிப்புக்கூடத்தில் எல்லார் முன்னாலும் அவளை நிறுத்தி, "உன் இடம் எப்படிப்பட்ட இடம்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். அவள் ஞாபகம் இருக்கிறது என்றாள்.

இனி அந்தப் பெட்டி.

எங்கள் அறிவியல் சார் எட்டாம் வகுப்புக்காக ஒரு அடைகாக்கும் பெட்டி செய்திருந்தார். தெர்மோகோல் பெட்டி, உள்ளே ஒரு குண்டு பல்பு, ஒரு கிண்ணத்தில் தண்ணீர், முன்பக்கம் ஒரு கண்ணாடி. பன்னிரண்டு முட்டைகள். புதன்கிழமை ஆய்வு அதிகாரி வரும்போது குஞ்சு வெளியே வருகிற மாதிரி நாள் கணக்குப் பார்த்து வைத்திருந்தார். தினமும் மூன்று வேளை முட்டைகளைத் திருப்பி வைப்பார். பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். அதுவரை உள்ளறையில் இருந்த பெட்டியை, ஆய்வுக்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் லேப்புக்குக் கொண்டுவந்து, அதன் மேல் பெரிய எழுத்தில் 'தொடாதே' என்று ஒட்டியிருந்தார். சுவரில் இருந்த சுவிட்சில் எதுவும் ஒட்டவில்லை. பெட்டியைத் தொடாமலே அதை அணைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

திங்கட்கிழமை காலையில் அவர் ஆய்வகத்தைத் திறந்தபோது பெட்டி இருட்டாக இருந்தது. முட்டைகள் சில்லிட்டுக் கிடந்தன. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். வராந்தாவில் போன ஏழாம் வகுப்பும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. அவர் ஒரு முட்டையை மெல்ல உடைத்தார். உள்ளே குஞ்சு முழுசாக இருந்தது. இறகுகூட இருந்தது, ஈரமாக. சார் அதைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆசிரியர் அறைக்கு வந்தபோது அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "சுவிட்ச் ஆஃப்ல இருக்கு. யாரோ அணைச்சிருக்காங்க" என்றார். தலைமையாசிரியை உடனே குறுக்கே வந்தார்.

"சார், வெள்ளிக்கிழமை ராத்திரி கரண்ட் போச்சுன்னு வாட்ச்மேன் சொல்றார். கரண்ட் போச்சு, பெட்டி அணைஞ்சுடுச்சு. புதன்கிழமை ஆய்வு இருக்கு. இதோட விட்டுடலாம்னு முடிவாயிடுச்சு."

கரண்ட் போனது ஐந்து நிமிடம். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கரண்ட் நல்ல ஆள். எந்தப் பழியைச் சுமத்தினாலும் வாய் திறக்காது. விஷயம் அத்தோடு மூடப்பட்டது.

அன்றைக்குக் கடைசிப் பாடவேளை. நான் பக்கத்து அறையில் பசங்களுக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் டீச்சர் வந்து பலகையைத் துடைக்கும் சத்தம். யாரோ, "டீச்சர், லேப்ல பெட்டி அணைஞ்சுடுச்சாமே" என்றான்.

"அணையல" என்றது ஒரு குரல். "நான் அணைச்சேன்."

அணைத்தேன் என்றால் கட்டிப்பிடித்தேன் என்றும் ஆகும் அல்லவா, முதலில் கிளுகிளுவென்று சிரித்தார்கள். ஒருவன் முத்தமிடுகிற சத்தம் செய்தான். அப்புறம் யார் சொன்னது, எதைச் சொன்னது என்று புரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. என் வகுப்பும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டது.

"உக்காரும்மா" என்றார் டீச்சர்.

"வெள்ளிக்கிழமை நான்தான் டீச்சர்..."

"உக்காருன்னு சொன்னேன்ல."

பொறுப்பு என்றால் வலது பக்கம் வந்து நிற்பது என்று சொன்ன அதே வாய். எனக்குச் சிரிப்புதான் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

மணி அடித்த பிறகு டீச்சர் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை நடந்ததை அவராகச் சொன்னார். அவர் ஹெல்மெட்டை மாட்டி வண்டியைக் கிளப்பிவிட்ட நேரத்தில் கொசுறு மாடியிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். லேப்பில் ஒரு பெட்டிக்குள் பல்பு எரிகிறது, அணைக்கலாமா என்று கேட்டிருக்கிறாள். டீச்சருக்கு அவசரம்.

"எல்லாத்தையும்னா எல்லாத்தையும்தான், இதுக்கெல்லாமா கேப்பே, நீயே முடிவெடுன்னு சொல்லிட்டுப் போயிட்டேன் சார். பெட்டிங்கிற வார்த்தை காதுல விழுந்துது. மண்டைக்குள்ள போகல."

"நீங்க சொன்னது யாருக்கும் தெரியாதே" என்றேன்.

"அவளுக்குத் தெரியும்."

"அவளைக் கூப்பிட்டு வாயை மூடிக்கிட்டு இருன்னு சொல்லுங்க. அவ இடமும் தப்பிக்கும், நீங்களும் தப்பிப்பீங்க. கரண்டுதான் ஏற்கெனவே ஒத்துக்கிச்சே."

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதுதான் எல்லாருக்கும் நல்லது என்று நினைத்தேன். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு, "அவ மூடிக்குவா சார். நான் சொன்னா கேப்பா. அதுதான் பயமா இருக்கு" என்றார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சொன்னாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் சொல்லியிருந்தாலும் பயனில்லை. நாற்பது வாய்கள் அன்று மாலையே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தன. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா தொலைபேசியில் கூப்பிட்டு, முட்டைகளைக் கொன்ற பெண் மேல் என்ன நடவடிக்கை என்று கேட்டாராம். ஆக, புகார் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் தேர்வு அட்டவணைக்குக் கையெழுத்து வாங்கத் தலைமையாசிரியை அறைக்குப் போனேன். அங்கே ஏற்கெனவே கூட்டம். கொசுறு, அவள் அம்மா, இலக்கண டீச்சர், அறிவியல் சார். அந்த அம்மா வேலைக்குப் போகிற வழியில் சீருடையோடு வந்திருந்தார். நான் வெளியே போவதற்குத் திரும்பினேன். "இருங்க சார், ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுடும்" என்றார் தலைமையாசிரியை. சுவரோரமாக நின்றேன்.

"மேடம், சின்னப் பொண்ணு. தெரியாம நடந்துடுச்சு" என்றார் அம்மா. "மன்னிச்சுக்குங்க. இனிமே நடக்காது."

"நடக்கலம்மா" என்றாள் கொசுறு மெதுவாக. "நான் செஞ்சேன்."

அம்மா அவள் தோளை அழுத்தினார். நன்றாகவே அழுத்தினார், பெண் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். எனக்கு அந்த அம்மா மேல் கோபம் வரவில்லை. பஸ் நிறுத்தத்துப் பெஞ்சு அவர் கண்ணில் தெரிந்திருக்கும்.

தலைமையாசிரியை மோசமானவர் இல்லை. அவரும் ஒரு வழி திறந்துவிடத்தான் பார்த்தார். "இங்க பாரும்மா. கரண்ட் போய் அணைஞ்சுடுச்சுன்னு நேத்தே பேசி முடிச்சாச்சு. பசங்க ஏதோ உளறியிருக்காங்க. அப்படித்தானே? நீ ஆமான்னு சொன்னா வகுப்புக்குப் போகலாம்."

ஒரே ஒரு 'ஆமா'. அவள் பள்ளி, அவள் சாயங்காலங்கள், அம்மாவின் நிம்மதி எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. சொல்லித்தொலை என்று நானே மனசுக்குள் சொன்னேன்.

அவள் டீச்சரைப் பார்த்தாள். என்ன சொல்லட்டும் என்று கேட்கிற பார்வை. டீச்சர் கண்ணசைத்தால் போதும்.

"அவ அணைச்சா மேடம்" என்றார் டீச்சர். "ஆனா அணைக்க வெச்சது நான். என்கிட்ட வந்து கேட்டா. நான் காது கொடுக்காம எல்லாத்தையும் அணைன்னு சொல்லிட்டுப் போனேன். முழுப் பொறுப்பும் என்னோடதுதான். அவ மேல ஒண்ணும் இல்ல."

அந்த அம்மா முகத்தில் அப்போதுதான் ரத்தம் திரும்பியது. நான்கூட மூச்சு விட்டேன். பெரியவர் ஒருவர் ஏற்றுக்கொண்டார், பெண் தப்பித்தாள், கதை முடிந்தது.

"இல்ல டீச்சர்" என்றாள் கொசுறு.

"நீ பேசாத."

"முழுசா உங்களோடது இல்ல." அவளுக்கு அழுகை வந்துவிட்டது, ஆனால் நிறுத்தவில்லை. "கீழ வந்து கேட்டுட்டு மறுபடி மேல போனேன். கண்ணாடி மேல கை வெச்சேன். சூடா இருந்துது. உள்ள முட்டை தெரிஞ்சுது. இது சூட்டுக்குத்தான் வெச்சிருக்காங்களோன்னு தோணுச்சு. தோணியும் அணைச்சேன். அணைக்கலேன்னா மேடம் திட்டுவாங்க, என்னை அனுப்பிடுவாங்கன்னு அணைச்சேன். அது நான் எடுத்த முடிவு. அதையும் நீங்களே எடுத்துக்காதீங்க டீச்சர்."

இத்தனை வருடத்தில் அந்த அறையில் பழியை ஆளாளுக்குத் தள்ளிவிட்டுத்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு உனக்கு என்று இரண்டு பேர் பிடித்து இழுத்து அன்றைக்குத்தான் பார்த்தேன். டீச்சர் நடத்திய பாடம்தான், அவருக்கே முழுசாகத் தெரிந்திருக்கவில்லை.

அறிவியல் சார் தொண்டையைச் செருமினார். "சனிக்கிழமை வந்து கடைசித் தடவையா முட்டையைத் திருப்பி வைக்கிறேன்னு பசங்ககிட்ட சொல்லியிருந்தேன்" என்றார். "வர முடியாம போயிடுச்சு." நிறுத்தினார். "வரல. தூங்கிட்டேன். வந்திருந்தா சுவிட்சைப் பார்த்திருப்பேன். கொஞ்சமாவது பிழைச்சிருக்கலாம்."

அவர் அதற்கப்புறம் அந்தப் பெண்ணைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

தலைமையாசிரியை மேசை மேல் இருந்த கண்ணாடிக் குண்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிக்கொண்டிருந்தார். 'என்னை அனுப்பிடுவாங்கன்னு' என்று பெண் சொன்னதிலிருந்து அவர் அவளை நேராகப் பார்க்கவில்லை. நிபந்தனை போட்டது யார் என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

"புகார் வந்திருக்கு" என்றார் கடைசியில். "வந்தா இடம் கிடையாதுன்னு..." அங்கேயே நின்றுவிட்டார். முடிவாயிருக்கு என்பது தொண்டை வரை வந்ததை நான் பார்த்தேன். அந்த அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"கிடையாதுன்னு நான் சொல்லியிருந்தேன்" என்றார் தலைமையாசிரியை.

அந்த 'நான்' அவர் வாயில் புதுச் செருப்பு மாதிரி கடித்திருக்க வேண்டும். முகம் சுளித்துத்தான் சொன்னார். "அது தப்பு. இவ இங்கேயே படிக்கட்டும். நான் முடிவு பண்ணிட்டேன். போன் பண்ணின அந்த அப்பாகிட்ட நானே பேசிக்கிறேன்."

அம்மா அழ ஆரம்பித்தார். கொசுறு அழுகையை நிறுத்தி அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். தலைமையாசிரியை அவளைப் பார்த்து, "நாளைக்கு ஆய்வுக்கு வர்றவர்கிட்ட முட்டைக்கு என்ன ஆச்சுன்னு நீயும் சாரும் சேர்ந்து சொல்லணும். கரண்டை இழுக்காம" என்றார். அவள் சரி என்றாள். ஆய்வு அதிகாரியைவிட அவளுக்கு எட்டாம் வகுப்புதான் பயமாக இருந்திருக்கும், முழு வகுப்பும் அங்கே நிற்கும். ஆனால் சரி என்றுதான் சொன்னாள்.

எல்லோரும் கிளம்பினார்கள். டீச்சர் கதவருகே போனதும் தலைமையாசிரியை கூப்பிட்டார்.

"டீச்சர், அடுத்த வாரத்துலேர்ந்து அந்தத் திங்கட்கிழமை வகுப்பு உங்களுக்கு இல்ல. நான் எடுக்கிறேன்."

டீச்சர் முகம் வாடிப் போனது. "மேல முடிவாயிடுச்சா மேடம்?" என்று கேட்டார்.

"மேல தண்ணித் தொட்டிதான் இருக்கு" என்றார் தலைமையாசிரியை. "இதையும் நான்தான் முடிவு பண்ணினேன். பிடிக்கலேன்னா என் மேல கோபப்படுங்க."